ஓடையைத் தாண்டி வந்த கரண்டு

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க வந்தவரின் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நாற்பது தாண்டிய மனிதர், லேசான தொப்பை, நல்ல வேலைக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பி, சுவிட்சை அணைத்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். இப்போதெல்லாம் அதுதான் டெஸ்டர். கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், கரண்டு இருந்தால் கத்தும். அவர் கொண்டுபோனார். அது கத்தவில்லை. "கரண்டு இல்ல சார்" என்று சொல்லிக் கையை உள்ளே விடப் போனார். அதற்குள் என் கை அவர் கையைப் பிடித்துவிட்டது.

"அந்த டிவி பிளக்குல ஒருக்கா வச்சுப் பாருங்க" என்றேன். "கேடு ஃபிரிட்ஜுக்குத்தானே சார்?" என்றார் அவர். இருந்தாலும் போய் வைத்தார். பீப் பீப் என்று கத்தியது. திரும்ப வந்து ஃபிரிட்ஜில் வைத்தார், சத்தமில்லை. நான் விடவில்லை. மறுபடியும் டிவிக்குப் போகச் சொன்னேன். மறுபடியும் கத்தியது. இப்போது கையை உள்ளே விடலாம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். "இது பழைய வியாதி, ஒண்ணும் நினைக்காதீங்க" என்று அவள் சொன்னாள். சாயா கொடுத்து அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

வியாதி என்றால் வியாதிதான். கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து வந்த சூடான தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த மணம் என்னைப் படுத்திவிட்டது. அது ரசாலத்தின் பையின் மணம். பச்சை நிறக் கான்வாஸ் பை. அதற்குள் பிளையர், சுத்தியல், உளி, கறுப்பு டேப், அரைப் பாக்கெட் பிஸ்கட், இவ்வளவும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கிடக்கும். பிஸ்கட்டிலும் டேப்பின் மணம் அடிக்கும். அதையும் தின்போம்.

ரசாலமும் நானும் தொண்ணூறுகளில் கூட்டாக வயரிங் வேலை செய்துகொண்டிருந்தோம். கேரளாவில் நெய்யாற்றின்கரையில் தொடங்கி தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் எங்கள் ராஜ்ஜியம் என்று அவன் சொல்லிக்கொள்வான். சில சமயம் கோட்டுகால், பொழியூர் என்று கடல் பக்கமும் போவோம். இரண்டு பேருக்கும் வயர்மேன் லைசென்ஸ் உண்டு. ரசாலம் என்னைவிட ஒரு வயசு மூத்தவன். மிஷன் கோவில் பாட்டுக் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவன். நல்ல உயரம், ஆகவே ஏணியில் ஏறுவது அவன் வேலை. நான் குள்ளம், ஆகவே கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவது என் வேலை. இந்தப் பங்கீட்டில் எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

அந்தக் காலத்து டெஸ்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரூ டிரைவர் மாதிரியே இருக்கும். கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் பிடி, அதற்குள்ளே அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு விளக்கு, ஒரு ஸ்பிரிங். முனையைக் கம்பியில் வைத்து, மேலே உள்ள உலோகக் குமிழை விரலால் தொட வேண்டும். கரண்டு இருந்தால் அந்த அரிசி ஆரஞ்சு நிறத்தில் எரியும். சட்டைப் பையில் பேனா மாதிரிக் குத்திக்கொள்வோம். அந்தக் கொக்கி கிழித்துக் கிழித்து என் சட்டைகள் எல்லாவற்றுக்கும் பை ஓரத்தில் ஒரு தையல் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட சட்டையிலும் இருந்தது.

அந்தச் சின்ன விளக்கை நம்பித்தான் நாங்கள் உயிரை வைத்தோம்.  அது எரிந்தால் கரண்டு உண்டு, சரி. எரியவில்லை என்றால் கரண்டு இல்லை என்று அர்த்தமா? கரண்டு இல்லாமலும் இருக்கலாம், டெஸ்டர் செத்துப்போயும் இருக்கலாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தொழிலுக்கு வந்த முதல் வருஷமே நான் அதை அனுபவித்தேன். நல்ல வெயிலில் ஒரு மொட்டைமாடியில் மோட்டார் கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை என்று நினைத்தேன். வெயிலில் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கரண்டு தூக்கி எறிந்ததில் கையளவு சிராய்ப்போடு போயிற்று. அன்றையிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்தது. முதலில் கரண்டு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரைத் தொடுவேன், எரிய வேண்டும். பிறகு வேலை செய்யப்போகிற கம்பியில் தொடுவேன், எரியக் கூடாது. பிறகு மறுபடியும் பழைய இடத்தில் தொடுவேன், எரிய வேண்டும். மூன்று தொடல். அதற்குப் பிறகுதான் கை வைப்பேன்.

ரசாலத்துக்கு இது பெரிய தமாஷ். "இவன் டெஸ்டருக்கே பரீட்சை வைக்கிற ஆளாக்கும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வான். அவனுக்கு வேறு வழக்கம். மெயின் சுவிட்சை அணைப்பான், பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான், பையைத் தட்டிக் காட்டுவான். "கரண்டு எனக்க பாக்கெட்டுல கிடக்குது. பின்ன எவன் வருவான்?" என்பான். அப்புறம் ஒரு மரியாதைக்காக டெஸ்டரை ஒருமுறை வைத்துப் பார்ப்பான். ஒயரின் தோலை உரிக்க அவனுக்குக் கத்தி வேண்டாம், பல்லால் கடித்து இழுப்பான். அப்போது பாதி வயர்மேன்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே பல் கூசும்.

இந்த இடத்தில் லோடு ஷெட்டிங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷங்களில் கேரளாவில் சாயங்காலமானால் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு நேரம். சரியாகப் பிள்ளைகள் புத்தகம் எடுக்கிற நேரத்துக்கோ டிவியில் தொடர் வருகிற நேரத்துக்கோ போகும். ஆனால் எல்லைக் கிராமங்களில் ஒரு விசேஷம் உண்டு. இந்தப் பக்கம் இருட்டிக் கிடக்கும்போது பத்தடி தள்ளித் தமிழ்நாட்டில் பல்பு எரியும். அவர்களுக்குக் கரண்டு போகிறபோது நமக்கு எரியும். மனுஷன் சும்மா இருப்பானா?

இஞ்சிவிளைப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேரின் வீடுகள் இருந்தன. நடுவில் ஒரு ஓடை. எங்கள் பக்கம் தோடு என்று சொல்வோம், காதில் போடுகிற தோடு இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் அண்ணன் வீடு, கேரளா. அந்தப் பக்கம் தம்பி வீடு, தமிழ்நாடு. அண்ணன் வீட்டில் மலையாளப் பேப்பர், தம்பி வீட்டில் தமிழ்ப் பேப்பர். மத்தியானத்துக்கு மேல் இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள். குழம்பும் அப்படித்தான் ஓடையைத் தாண்டிப் போகும் வரும். அண்ணன் வீட்டின் முன் அறைக்குப் பழைய வயரிங்கைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக பைப் போட்டு வயரிங் செய்ய எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடிய வேண்டும். அதே நாளில் உதியன்குளங்கரையில் ஒரு பேக்கரிக்கு அடுப்புக்குப் புதிய லைன் இழுக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. இரண்டாகப் பிரிந்து போகலாம் என்று முடிவு செய்தோம். எல்லை வீட்டுக்கு அவன், பேக்கரிக்கு நான்.

அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டுகாலில் ஒரு வீட்டு மாடியில் நான் குனிந்தபோது பையிலிருந்து டெஸ்டர் நழுவிக் கீழே சிமெண்டு முற்றத்தில் விழுந்தது. இறங்கிப் போய் எடுத்தேன். பிடி உடையவில்லை. தலைக் குமிழின் ஓரத்தில் ஒரு சிறு நசுங்கல், அவ்வளவுதான். வேலை முடிகிற நேரம், வீட்டுக்குப் போகிற அவசரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சைப் பையில் போட்டேன். பையில் ஏற்கெனவே ரசாலத்தின் டெஸ்டர் இருந்தது. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை.

மறுநாள் காலையில் உதியன்குளங்கரைச் சந்திப்பில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சாமான்களைப் பங்கு பிரித்தோம். அன்றைக்கு ரசாலம் நல்ல உற்சாகத்தில் இருந்தான். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள், அவனுக்கு அது போதும். என் மூன்று தொடலை அப்படியே நடித்துக் காட்டினான். சாயா டம்ளரை முதலில் தொடுகிறான், பிறகு என் மூக்கைத் தொடுகிறான், மறுபடியும் டம்ளரைத் தொடுகிறான். "மூக்குல கரண்டு இல்ல, உறுதி ஆக்கும்!" கடை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் காது சுட்டது. சிரித்து முடித்துவிட்டு அவன் பைக்குள் கைவிட்டு ஒரு டெஸ்டரை எடுத்துச் சட்டையில் குத்தினான்.

"எலே, இது நல்லதுதானா?" என்று கேட்டான். முந்தின நாள் விழுந்த கதை அவனுக்குத் தெரியாது. சும்மா கேட்டான், அவ்வளவுதான்.

கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக் என் தலைக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து இரண்டு டெஸ்டரையும் அதில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்தது. எழுந்தால் இந்தப் பத்துப் பேரும் மறுபடி சிரிப்பார்கள். நான் எழவில்லை. சாயாவை ஊதிக்கொண்டே, "நல்லதுதான்" என்றேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "வாறேன் மக்கா" என்று தெற்கே போனான்.

பேக்கரியில் அடுப்பங்கரைச் சுவரில் துளை போட்டு முடித்து, பத்து மணி வாக்கில் பழைய லைனைக் கழற்ற வேண்டிய கட்டம் வந்தது. என் டெஸ்டரை எடுத்தேன். கல்லாவுக்குப் பக்கத்து பிளக்கில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. லைனில் வைத்தேன், எரியவில்லை. மறுபடி பிளக், எரிந்தது. நல்ல டெஸ்டர். அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் அதைத் திருப்பிப் பார்த்தேன். குமிழில் நசுங்கல் இல்லை. புத்தம் புதிது மாதிரி வட்டமாக இருந்தது. கீழே விழுந்த டெஸ்டர் ரசாலத்தின் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் கொஞ்ச நேரம் எனக்கு நானே நியாயம் பேசிப் பார்த்தேன். விழுந்தால் செத்துப்போக வேண்டும் என்று சட்டமா என்ன? நூறு தடவை விழுந்த டெஸ்டர்கள் எரிகின்றன. செத்தே போயிருந்தாலும் என்ன? அவன் மெயினை அணைப்பான், பியூஸ் கட்டை பையில் கிடக்கும். கரண்டு எங்கிருந்து வரும்? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிங் பிளையரைக் கீழே வைத்துவிட்டேன். அவன் பல்லால் ஒயரைக் கடிக்கிற காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அந்த வீட்டில் போன் கிடையாது. பேக்கரி முதலாளியிடம், "அண்ணா, சைக்கிள் ஒண்ணு வேணும்" என்றேன். "லைனைப் பாதியில விட்டுட்டு எங்க போற?" என்றார். "ஒரு சாமான் மாறிப் போச்சு" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்தச் சைக்கிளின் செயின் ஒவ்வொரு மேட்டிலும் கழன்றது. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை போகிற வழியில் எத்தனை மேடு உண்டென்று அன்றைக்குத்தான் எண்ணினேன். கழன்ற செயினை மாட்டி மாட்டிக் கை முழுக்கக் கறுப்பு. வேட்டியில் துடைத்தேன், வேட்டியும் கறுப்பு. எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி, தன் வீட்டு மோட்டார் சத்தம் போடுகிறது, எப்போது வருவாய் என்று கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்றேன். என்ன மாதிரிச் சத்தம் என்று அவர் வாயால் போட்டுக் காட்டத் தொடங்கினார். நான் பதில் சொல்லாமல் மிதித்தேன். அவர் அப்புறம் அந்த மோட்டாரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

பாறசாலை தாண்டியதும் எல்லையை நோக்கி லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கும் ஓட்டு வீட்டுச் சுவர்களுக்கும் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மனசு கண்டதையெல்லாம் கணக்குப் போட்டது. எட்டரைக்குப் போயிருப்பான். பழைய வயரிங்கின் மரப்பட்டைகளைப் பிடுங்க ஒரு மணி நேரம். பைப் அடிக்க இன்னொரு மணி நேரம். பத்தரைக்கு மேல் மேலே ஏறி ஒயரைப் பிரிப்பான். என் கையில் வாட்ச் இல்லை. லாரி டிரைவர் ஒருவரிடம் மணி கேட்டேன். பத்தேமுக்கால் என்றார். ரசாலத்தின் மனைவி புஷ்பத்துக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். அவளிடம் போய் நான் என்ன சொல்வேன்? 'நல்லதுதான் என்று நான்தான் சொன்னேன்' என்று சொல்வேனா? அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை.

முன் முற்றத்தில் ஜல்லி குவித்து வழியை அடைத்திருந்ததால் வீட்டின் பின்பக்கமாக நுழைந்தேன். அடுக்களை தனியாகப் பின்னால் இருந்தது. புகை படிந்த அந்த இருட்டு அறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா சரசக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தப் பல்பைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பல்பு எரிகிறது என்றால் கரண்டு இருக்கிறது. கரண்டு இருக்கிறது என்றால் ரசாலம் இன்னும் மெயினை அணைக்கவில்லை. வேலையே தொடங்கவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். "அக்கா, கொஞ்சம் வெள்ளம் தரணும்" என்றேன். ஒரு செம்புத் தண்ணீரை நின்று நிதானமாகக் குடித்தேன். அந்தச் செம்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தூக்கம் போகும். எவ்வளவு நேரம் குடித்தேன்!

வாயைத் துடைத்துக்கொண்டு முன்பக்க வராந்தாவுக்கு வந்தேன். சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. அதன் கைப்பிடி கீழே இறக்கி அணைக்கப்பட்டிருந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

மெயின் அணைத்த வீட்டில் அடுக்களை பல்பு எரிகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரிய நேரமும் இல்லை. முன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ரசாலம் ஏணியின் உச்சியில் நின்றான். இடது கை மேலே இரும்பு உத்தரத்தைப் பிடித்திருந்தது. வலது கையில் ஒயரின் முனை. டெஸ்டரைப் பைக்குள் திரும்பக் குத்தியாகிவிட்டது. ஒயரை வாய்க்குக் கொண்டுபோகிறான்.

கத்தினால் பயந்து விழுவான். ஏணியைப் பிடித்தால் அதுவும் அசையும். அந்த அரை நொடியில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? சாதாரணமாக, ஒன்றும் நடக்காத மாதிரிச் சொன்னேன்: "எலே ரசாலம், சாயா வந்துட்டு."

ரசாலம் கரண்டுக்குப் பயப்படாதவன், கடவுளுக்குக் கொஞ்சம் பயப்படுவான், ஆனால் சாயாவுக்கு மட்டும் உடனே கீழ்ப்படிவான். ஒயரை வாயிலிருந்து விலக்கினான். "நீ என்னத்துக்குலே வந்த? சாயா எங்க?" என்று கீழே பார்த்தான். "ஒயர விடு. உத்தரத்த விடு. ரெண்டு படி இறங்கு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. என்ன நினைத்தானோ, தமாஷ் செய்யாமல் இறங்கினான். என் டெஸ்டரை எடுத்து நீட்டினேன். "இப்பம்தானே பாத்தேன், ஒண்ணும் இல்லியே" என்று சொல்லிக்கொண்டே முனையில் வைத்தான். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ரசாலம் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு பியூஸ் கட்டையை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்தான். பிறகு எரிகிற டெஸ்டரைப் பார்த்தான். மறுபடியும் கட்டையைப் பார்த்தான். "மக்கா, கரண்டு எனக்க கையில இருக்குது. பின்ன இது யாருக்க கரண்டு?" என்று கேட்டான்.

சத்தம் கேட்டு சரசக்கா வந்தார். மெயினை அணைத்தும் கரண்டு இருக்கிறது என்று நான் சொன்னதும் துருவின தேங்காய் ஒட்டிய கையை அப்படியே நெஞ்சில் வைத்தார். "அய்யோ எனக்க தெய்வமே! அது தமிழ்நாட்டுக் கரண்டு ஆக்கும்!"

தம்பி வீட்டிலிருந்து ஓடையைத் தாண்டி, கமுகு மரங்களில் கட்டி, துணிக்கொடி மாதிரி ஒரு ஒயர் வந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு சுவிட்சில் முடிந்திருந்தது. லோடு ஷெட்டிங் நேரத்துக்காக சொந்தக்காரர் ஒருவர் ரகசியமாகச் செய்து கொடுத்தது. இரண்டு மாநிலத்து ஆபீசுக்கும் தெரியக் கூடாத சமாசாரம், ஆகவே எங்களிடமும் மூச்சு விடவில்லை. கரண்டு போனால் மெயினை அணைக்க வேண்டும், அடுக்களைச் சுவிட்சைப் போட வேண்டும், வீடு முழுக்க அந்தக் கரண்டு ஓடும். தினமும் செய்து செய்து அந்த வீட்டுக் கைகளுக்கு அது பழகிவிட்டது. அன்றைக்கு ரசாலம் மெயினை அணைத்தான். அடுக்களையில் இருட்டாயிற்று. சரசக்காவின் கை தானாகப் போய்க் கதவுக்குப் பின்னால் சுவிட்சைப் போட்டது. "நான் அறிஞ்சு செய்யல்ல மோனே, கை செஞ்சு போச்சு" என்று அழுதார். அவரை என்ன சொல்வது? அந்த அம்மாவைத் தேற்றுவதற்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

ரசாலம் அடுக்களைக்குப் போய்த் தன் டெஸ்டரை பிளக்கில் வைத்தான். எரியவில்லை. என்னுடையதை வைத்தான், எரிந்தது. வெளியே வந்து ஓடைக்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "காலைல நல்லதுன்னு சொன்னியே மக்கா" என்றான். குற்றம் சாட்டவில்லை, யோசனையாகச் சொன்னான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயம். "காலைல எரிஞ்சுதுலே" என்றேன். அவன் தலையாட்டினான். "சைக்கிள்ல குலுங்கியிருக்கும். நானும் ஒருக்கா பாத்திருக்கணும். எனக்க தப்பு ஆக்கும்" என்றான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவன் என் தோளில் கை போட்டான்.

அதற்குப் பிறகு ரசாலம் மூன்று தொடல் இல்லாமல் ஒரு ஒயரையும் தொட்டதில்லை. பல்லால் உரிப்பதையும் விட்டான். இந்தக் கதையைச் சொல்வதை மட்டும் விடவே இல்லை. என் கல்யாணத்தில் என் மாமனாரிடம் சொன்னான். கோவில் விருந்தில் எழுந்து நின்று சொன்னான். அவன் மகள் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் தன் அண்ணன்மாரோடு உட்கார வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னான். "ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்தான். இவன் இல்லாட்ட நான் இல்ல." ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான மனிதர் என்று ஊரில் எனக்குப் பெயர். புஷ்பம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கேக் கொடுத்துவிடுவாள். முப்பது வருஷமாக நான் அந்தக் கேக்கைத் தின்கிறேன்.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டை விற்று இடித்துவிட்டார்கள். ஓடையை மூடி மேலே சிமெண்டுப் பலகை போட்டாயிற்று. எது கேரளா எது தமிழ்நாடு என்று நின்று பார்த்தாலும் தெரியாது. அந்த அரை மணி நேர இருட்டும் போயிற்று. ஆரஞ்சு அரிசி எரிகிற டெஸ்டரைக் கேட்டால் கடைக்காரர் ஒரு டப்பாவின் அடியில் தேடுகிறார். ரசாலத்துக்கு இரண்டு வருஷமாக மறதி. முதலில் சாமான்களின் பெயர் போயிற்று, பிறகு தெருக்கள், பிறகு ஆட்கள். என்னை இப்போது சார் என்று கூப்பிடுகிறான்.

ஃபிரிட்ஜ்காரர் வந்துபோன மறுநாள் நான் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அவன் மகன் வீட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் ரசாலம் உட்கார்ந்திருந்தான். புஷ்பம் சாயா போட உள்ளே போனாள். "ரசாலம், ஒரு கதை சொல்லட்டா?" என்றேன். "சொல்லுங்க சார்" என்றான். இரண்டு வயர்மேன்கள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தேன். டெஸ்டர் விழுந்ததைச் சொன்னேன். சாயாக்கடையைச் சொன்னேன். "கூட்டுக்காரன் நல்லதுதானான்னு கேட்டான். இவன் நல்லதுதான்னு சொன்னான். ஆனா இவன் பாக்கல்ல. பாக்காமதான் சொன்னான்" என்றேன்.

ரசாலத்தின் முகம் சுருங்கியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. "அது தப்புல்லா?" என்றான். "மொதல்ல எரியுற எடத்துல தொட்டுப் பாக்கணும். பாக்காம எப்பிடி நல்லதுன்னு சொல்லுவான்?"

"தப்புதான்" என்றேன்.

"மேல நின்ன ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லியே?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். உண்மையாகவே பயந்திருந்தான்.

"இல்ல. ஒண்ணும் ஆகல்ல. நல்லா இருந்தான். ரெண்டு பிள்ளைய, பேரப்பிள்ளைய எல்லாம் உண்டு."

அவன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தான். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அவன்கிட்ட உள்ளத சொன்னானா சார், பின்ன எப்பமாவது?"

"சொன்னான்" என்றேன். "ரொம்ப லேட்டாத்தான் சொன்னான்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான் ரசாலம்.